முதுகு வலிக்காரரும் மூன்று மெத்தைகளும்

காலை நாலரை மணிக்கு அலாரம் அடிக்கும். மனைவிக்கு அந்த அலாரம் தேவையே இல்லை. அதற்கு முன்பே பக்கத்திலிருந்து "அம்மாடி..." என்று ஒரு சத்தம் வந்துவிடும். அவர் எழுந்திருக்க ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம்.

ஆரம்பித்துவிட்டார் என்றுதான் சொல்ல முடியும், எழுந்துவிட்டார் என்று சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது. முதலில் கட்டில் விளிம்பைப் பிடிப்பார். காலை மட்டும் கீழே தொங்க விடுவார். பிறகு முழங்கையை ஊன்றி உடம்பை மெதுவாகத் தூக்கி, ரெண்டு நிமிஷம் குனிந்தபடியே உட்கார்ந்திருப்பார். அப்புறம் சுவரைப் பிடித்து ஒரு வழியாக நிற்பார். வெந்நீரில் குளித்து, வாசலில் நாலு நடை நடந்து வந்தால் இடுப்பு கொஞ்சம் விட்டுக் கொடுக்கும். ஐந்தேகாலுக்கு பெரம்பலூர் நான்கு ரோட்டில் வண்டி பிடித்து அரியலூர் போக வேண்டும். ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அங்கே போனால் சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி அவருக்காகக் காத்திருக்கும்.

வயது 47. அதில் 22 வருஷம் ஸ்டியரிங் பிடித்தே போனது. கீழ் முதுகில் வலி வந்து ரெண்டு வருஷம் ஆகிறது. "வயசாச்சு, லாரி ஓட்டினா வலிக்கத்தானே செய்யும்" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டு திரிந்தவர்தான். ஆனால் அவர் மனைவி ஒன்றைக் கவனித்து வைத்திருந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது இருக்கிற வலியை விட, விடிகாலையில் எழும்போது இருக்கிற வலிதான் ஜாஸ்தி. எட்டு மணி நேரம் டிப்பரில் குலுங்கிவிட்டு வருகிறவருக்கு ஆறு மணி நேரம் படுத்த பிறகு வலி குறைய வேண்டும். இங்கே கணக்கு தலைகீழாக இருக்கிறது. அப்படியானால் படுக்கையில் ஏதோ கோளாறு இருக்கிறது... அந்த அம்மா எட்டாவது வரைதான் படித்தவர். ஆனால் இந்த முடிவுக்கு வர அதுவே போதுமாக இருந்தது.

ஊர் உலகம் என்ன சொல்லும் என்று உங்களுக்கே தெரியும். "மெத்தையே ஆகாது. தரையில பாய் போட்டுப் படு, தன்னால சரியாயிடும்." டீக்கடையில் சொன்னார்கள், சுரங்கத்தில் லோடு ஏற்றும் பொக்லைன் ஆபரேட்டர் சொன்னார், சித்தளியிலிருந்து வந்த பெரியம்மா சொன்னார். அவருடைய அம்மா ஒரு படி மேலே போய், "தம்பி, உங்கப்பா ஆயுசு பூரா கட்டாந்தரையில படுத்தாரு, ஒரு நாள் இடுப்பு வலின்னு சொன்னதில்ல" என்றார். ஒரு வாரம் அதையும் செய்து பார்த்தார். நாலாவது நாள் வலது தோள்பட்டையும் இடுப்பு எலும்பும் கன்றிப் போய், பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டார்.

இதில் அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை. அப்பா மல்லாந்து படுக்கிறவர். மகன் ஒருக்களித்துப் படுக்கிறவர்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றால், ஒரே பாயில் ஐந்து பிள்ளைகள் படுத்த வீட்டிலிருந்து வந்தது! மல்லாக்கப் படுத்தால் இடம் போதாது. ஒருவர் பின்னால் ஒருவராக வெற்றிலை அடுக்கிய மாதிரி பக்கவாட்டில்தான் படுக்க முடியும். நாற்பது வருஷப் பழக்கம், இனிமேல் மாறாது. மாற வேண்டிய அவசியமும் இல்லை. உலகத்தில் பெரியவர்களில் பாதிக்கு மேல் இப்படிப் படுக்கிறவர்கள்தான்.

ஒருக்களித்துப் படுக்கிற உடம்பைப் பின்னாலிருந்து பார்த்தால் அது ஒரு மேடு பள்ளமான ரோடு மாதிரி இருக்கும். தோள் ஒரு மேடு. இடை ஒரு பள்ளம். இடுப்பு இன்னொரு மேடு. மல்லாந்து படுக்கிறவருக்கு முதுகு முழுக்கப் பரவலாகப் பாரம் இறங்கும். ஒருக்களித்தவருக்கோ மொத்தப் பாரமும் தோளிலும் இடுப்பிலும் குவியும். தரை மாதிரி இறுக்கமான இடத்தில் இந்த ரெண்டு மேடும் அமுங்காது. நடுவில் இடைக்குக் கீழே வெற்றிடம் விழும். அந்த வெற்றிடத்தில் முதுகெலும்பு ராத்திரி முழுக்கத் தொய்ந்து தொங்கும். ரொம்ப மெத்தென்று இருந்தால் அதற்கு நேர்மாறு, இடுப்பு குழிக்குள் இறங்கி உடம்பே படகு மாதிரி வளையும். ரெண்டிலும் காலையில் "அம்மாடி" நிச்சயம். வேண்டியது என்னவென்றால், தோளும் இடுப்பும் கொஞ்சம் உள்ளே போக வேண்டும், இடைக்குக் கீழே மெத்தை எழும்பி வந்து தாங்க வேண்டும். கேட்க சுலபமாகத்தான் இருக்கிறது. கடைக்குப் போனால்தான் கஷ்டம் தெரியும்.

(அரியலூர்க்காரர்களுக்கு இறுக்கமான படுக்கை பற்றிப் பாடம் நடத்த முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஊரே கல்லின் மேல் படுத்திருக்கிறது. டைனோசர் காலத்தில் அங்கே கடல் இருந்தது. அந்தக் கடலின் அடியில் படிந்ததுதான் இன்றைய சுண்ணாம்புக்கல். வாரணவாசியில் அருங்காட்சியகம் வைத்துப் புதைபடிவங்களைக் காட்டுகிறார்கள். அரசு சிமெண்ட் ஆலை 1979-ல் வந்தது, அதைச் சுற்றித் தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன. மேற்படி டிரைவர் தினமும் டன் கணக்கில் அள்ளிக்கொண்டு போவது ஒரு பழைய கடலின் படுக்கையைத்தான்.)

முதல் மெத்தை அரியலூரில் வாங்கியது. வேலை முடிந்து வரும் வழியில் ஒரு கடை. மனைவியைப் பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வரச் சொல்லியிருந்தார். கட்டிலின் அளவு 75-க்கு 48 அங்குலம் என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தார் அந்த அம்மா. பேப்பரில் எழுதி எடுத்துப் போவது நல்ல பழக்கம். கட்டிலை விட ஒரு அங்குலம் கூடிய மெத்தையை வாங்கிவிட்டு ராத்திரி முழுக்க விளிம்பில் முட்டிக்கொண்டு கிடப்பவர்கள் உண்டு.

"முதுகு வலியா அண்ணே? அப்ப ஆர்த்தோதான். யோசிக்கவே வேணாம்."

கடைக்காரர் கையால் ஒரு தட்டு தட்டினார். டொக் என்று சத்தம். "பாத்தீங்களா, எப்படி கல்லு மாதிரி நிக்குது!" தேங்காய் நாரில் ரப்பர் பால் தெளித்து அழுத்திச் செய்த ஐந்து அங்குல மெத்தை. விலை 9,800 ரூபாய். டிரைவர் அதன் மேல் உட்கார்ந்து பார்த்தார். எழுந்தார். வாங்கிவிட்டார். படுத்துப் பார்க்கவில்லை. கடை நடுவில், சட்டையெல்லாம் சுண்ணாம்புத் தூசியோடு, நாலு பேர் பார்க்க, பிளாஸ்டிக் கவர் போட்ட மெத்தையில் ஒருக்களித்துப் படுக்க அவருக்குக் கூச்சம். யாருக்குத்தான் இருக்காது? நம் ஊரில் செருப்பைப் போட்டு நடந்து பார்த்து வாங்குவோம், தர்பூசணியைக்கூடத் தட்டிப் பார்த்து வாங்குவோம். எட்டு வருஷம் படுக்கப் போகிற சாமானை மட்டும் உட்கார்ந்து பார்த்து வாங்குவோம்.

அந்த "ஆர்த்தோ" என்ற சொல்லைப் பற்றி ஒன்று. அது ஏதோ டாக்டர்கள் கூடி முடிவு செய்து கொடுத்த முத்திரை மாதிரி காதில் விழுகிறது. அப்படி ஒன்றும் இல்லை. ஒரு மெத்தை ஆர்த்தோ என்று சொல்லிக்கொள்ள இன்ன இறுக்கம் இருக்க வேண்டும் என்று மருத்துவ அளவுகோல் எதுவும் கிடையாது. கம்பெனிகள் தாங்களே வைத்துக்கொள்கிற பெயர் அது. பெரும்பாலும் 'இறுக்கமானது' என்பதற்கு ஒரு கௌரவமான மாற்றுச் சொல், அவ்வளவுதான்.

நார் மெத்தை கெட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. காற்று உள்ளே போய் வரும், வெக்கை தெரியாது, மல்லாந்து படுக்கிறவர்களுக்கும் உடம்பு கனத்தவர்களுக்கும் அருமையாக இருக்கும். அவருடைய அம்மா பகலில் அதில் படுத்து எழுந்து, "சொகமா இருக்குடா" என்றார். ஆனால் அவருக்கு? மூன்றாவது வாரம் கை மரத்துப்போய் நடு ராத்திரியில் எழுந்து உதறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது பக்கம் அரை மணி, இடது பக்கம் அரை மணி என்று புரண்டுகொண்டே இருந்தார். முதுகு வலியும் குறையவில்லை.

முதுகு வலி என்றால் இறுக்கமான மெத்தைதான் என்று டாக்டர்களே பல வருஷம் சொல்லி வந்தார்கள் என்பது உண்மைதான். அதைச் சோதித்துப் பார்க்க ஸ்பெயினில் ஒரு ஆய்வு செய்தார்கள். பிரான்சிஸ்கோ கொவாக்ஸ் என்ற மருத்துவரின் குழு 2003-ல் லான்செட் இதழில் அதை வெளியிட்டது. நாள்பட்ட கீழ் முதுகு வலி உள்ள 313 பேர். பாதிப் பேருக்கு இறுக்கமான மெத்தை, பாதிப் பேருக்கு நடுத்தர இறுக்கமுள்ள மெத்தை. யாருக்கு எது வந்தது என்பது படுத்தவர்களுக்கும் தெரியாது, மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. 1 என்றால் கட்டை மாதிரி, 10 என்றால் ரொம்ப மென்மை என்ற அளவுகோலில், இறுக்கமானது 2.3, நடுத்தரமானது 5.6. தொண்ணூறு நாள் கழித்துப் பார்த்தால், படுக்கையில் இருக்கும்போது வலி, எழும்போது வலி, அன்றாட வேலைக்கு இடைஞ்சல் ஆகிய மூன்றிலும் நடுத்தர மெத்தைக்காரர்களே தேவலை என்று வந்தது. ஒருக்களித்துப் படுப்பவர்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு அல்ல இது. ஆனால் 'எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது' என்ற டீக்கடை வைத்தியத்துக்கு இதற்கு மேல் நேரடியான பதில் கிடையாது. இருபது வருஷம் தாண்டியும் அந்தப் பதில் பல மெத்தைக் கடைகளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்பது வேறு கதை.

இந்த இடத்தில் வீட்டில் சண்டை வந்தது.

9,800 ரூபாயை ஏழு வருஷத்துக்குப் பிரித்தால் 2,555 ராத்திரி, ஒரு ராத்திரிக்கு 3 ரூபாய் 84 காசு. டீயில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அப்படிப் பார்த்தால் மெத்தை மாதிரி மலிவான சாமான் வேறில்லை. ஆனால் அந்தக் கணக்கு, அது உடம்புக்கு ஒத்துப்போனால்தான் செல்லும். ஒத்துப்போகாத மெத்தைக்கு ஒரு ராத்திரிக்கு எத்தனை காசு என்று எந்தக் கணக்கில் எழுதுவது? கடையில் கேட்டார்கள். கவர் பிரித்த மெத்தையைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். வாரண்டி அட்டை இருந்தது, ஐந்து வருஷத்துக்கு. அதைப் படித்தால் மெத்தையில் குழி விழுந்தால்தான் வாரண்டி. படுப்பவருக்குச் சுகமாக இல்லை என்பதற்கெல்லாம் இல்லை. (நூறு நாள் படுத்துப் பார்த்துத் திருப்பித் தரலாம் என்று விற்கிற கம்பெனிகள் இப்போது இருக்கின்றன. வாங்குகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவது நல்லது.)

"பத்தாயிரம் போட்டு வாங்கியாச்சு. இதுலதான் படுக்கணும். பழகிடும்" என்றார் அவர்.

"பத்தாயிரம் போனது போனதுதாங்க. அதுக்காக உங்க இடுப்பையும் சேத்துக் குடுக்கணுமா?" என்றார் மனைவி.

பி.காம் பாடப் புத்தகத்தில் இதற்கு 'சங்க் காஸ்ட்' என்று பெயர். போட்ட பணம் எப்படியும் திரும்பாது, ஆகவே அடுத்த முடிவை அதை வைத்து எடுக்காதே என்று ரெண்டு பக்கத்துக்கு விளக்கியிருப்பார்கள். துறைமங்கலத்தில் ஒரு அடுப்பங்கரை வாசலில் அது ஒரே வரியில் முடிந்தது.

ஆனால் பணம்? சீட்டுப் பணம் முப்பதாயிரம் வந்திருந்தது. அது திருச்சியில் படிக்கிற மகளின் ஹாஸ்டலுக்கு. அதில் கை வைத்துத்தான் இன்னொரு மெத்தை வாங்க வேண்டும். அவருக்கு அதுதான் ஆகவில்லை. வலியைச் சொல்வதையே நிறுத்திவிட்டார். "அம்மாடி" சத்தம்கூட வராமல், வாயை மூடிக்கொண்டு எழ ஆரம்பித்தார். அதுதான் மனைவியை ரொம்பப் பயமுறுத்தியது. தூக்கம் கெட்ட ஆள், அம்பது டன் வண்டியை, புழுதி பறக்கிற அரியலூர் ரோட்டில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போகிற நேரத்தில் ஓட்டிப் போகிறார். முதுகு வலி அவர் ஒருத்தருக்கு மட்டும் சம்பந்தப்பட்ட விஷயமா அது?

அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் காலைத் தூக்கச் சொன்னார், பெருவிரலை அழுத்திப் பார்த்தார், ஊசி குத்துகிற மாதிரி காலில் இறங்குகிறதா என்று கேட்டார். பயப்படுகிற மாதிரி எதுவும் இல்லை என்று பிசியோதெரபிக்கு அனுப்பினார். மெத்தையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் இந்த ஒரு படியைத் தாண்டக்கூடாது. ஒரு கால் பலம் இழப்பது, தொடை இடுக்கில் உணர்ச்சி இல்லாமல் போவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது, காய்ச்சலோடு முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, எப்படிப் படுத்தாலும் விடாத ராத்திரி வலி... இவற்றில் ஒன்று இருந்தாலும் போக வேண்டிய இடம் மெத்தைக் கடை அல்ல. அதே மாதிரி இளவயதிலேயே ஆரம்பித்து, காலையில் அரை மணிக்கு மேல் முதுகு விறைத்துக்கொண்டே இருந்தாலும் டாக்டரைப் பார்த்தாக வேண்டும்.

பிசியோதெரபி பிரிவில் இருந்த பெண் சின்ன வயசு. அவர் முதலில் செய்தது இடுப்பில் கட்டியிருந்த பெல்ட்டை அவிழ்க்கச் சொன்னது. டிரைவருக்கு அதிர்ச்சி. ஐந்நூறு ரூபாய் பெல்ட்! ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட கீழ் முதுகு வலிக்கு என்று முதல் முறையாக வெளியிட்ட வழிகாட்டியில், வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று சொன்னவற்றில் இடுப்புப் பெல்ட்டும் ஒன்று. உடற்பயிற்சி வேண்டும், வலியைப் பற்றிச் சரியாகப் புரிய வைக்க வேண்டும், படுத்தே கிடக்கக் கூடாது என்கிற பக்கம்தான் அது நிற்கிறது. 2020-ல் உலகத்தில் 61.9 கோடிப் பேருக்குக் கீழ் முதுகு வலி இருந்ததாம். டிரைவருக்கு இந்த எண்ணிக்கை தெரிந்திருந்தால் ஒருவேளை கூச்சம் போயிருக்கும்.

மூன்று பயிற்சிகள் சொல்லிக் கொடுத்துவிட்டு அந்தப் பெண் கேட்டார்: "அண்ணா, எப்படிப் படுப்பீங்க?" ஒருக்களித்து என்றதும், "இன்னிக்கு ராத்திரி நீங்க படுத்ததும் அக்காவ பின்னாடி நின்னு போன்ல ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்க. பனியன் இல்லாம. கழுத்துலேர்ந்து இடுப்பு வரைக்கும் எலும்பு ஒரே கோடா இருக்கணும். வளைஞ்சிருந்தா எங்க வளையுதுன்னு பாருங்க."

எடுத்தார்கள். ரெண்டு இடத்தில் வளைவு. இடைக்குக் கீழே ஒரு கை நுழைகிற சந்து. தலையணை சப்பையாகப் போய்த் தலை கீழே சாய்ந்து, கழுத்தில் இன்னொரு வளைவு. மேல் கால் முன்னால் சரிந்து இடுப்பையே முறுக்கியிருந்தது. போட்டோவைப் பார்த்து அவரே சிரித்துவிட்டாராம். "என்னடி இது, வாய்க்கால் மாதிரி வளைஞ்சு கிடக்கேன்!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரில் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனார்கள். வாங்க அல்ல, படுத்துப் பார்க்க. இந்த முறை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றிலும் பதினைந்து நிமிஷம் படுத்தார். வேறு வழியில்லை, வீட்டுக்காரம்மா கையில் கடிகாரத்தோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார் :-)

மெமரி ஃபோம் என்று ஒன்றைக் காட்டினார்கள். 1966-ல் நாசாவுக்காக, விமான இருக்கைகளுக்கு என்று உருவாக்கிய சரக்கு அது. கை வைத்து எடுத்தால் கை அச்சு அப்படியே நின்று மெதுவாக மறையும். உடம்புச் சூட்டில் இளகி, மேட்டுக்கு இடம் கொடுக்கும். ஒருக்களித்துப் படுப்பவருக்குச் சொன்னாற்போல் இருந்தது. தோள் உள்ளே போனது, கை மரக்கவில்லை. "சொர்க்கம்" என்றார் டிரைவர். ஆனால் சொர்க்கத்தின் விலை 22,000. அது மட்டுமில்லை, ஷோரூமில் ஏசி ஓடியது. சூட்டில் இளகுகிற சரக்கு சித்திரை மாசத்து பெரம்பலூரில், ஓட்டு வீட்டுக்குள், ஃபேன் காற்றில் எப்படி இருக்கும்? அடர்த்தியான ஃபோம் உடம்புச் சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வேர்த்து விறுவிறுத்து எழுந்தால் தூக்கம் அதனாலும் கெடும்.

இன்னொரு குழப்பம் டென்சிட்டி. "இது 40 டென்சிட்டி அண்ணே, 32-ஐ விட ஸ்ட்ராங்கு" என்பார்கள். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை எத்தனை கிலோ என்பது. அது கூடினால் பொதுவாக நீடித்து உழைக்கும், சீக்கிரம் குழி விழாது. இறுக்கம் என்பது வேறு சமாச்சாரம். 40 டென்சிட்டியில் மெத்தென்ற ஃபோமும் உண்டு, 28-ல் விறைப்பானதும் உண்டு. டென்சிட்டி அட்டையைப் படித்து உடம்புக்கு ஒத்து வருமா என்று கண்டுபிடிக்க முடியாது. படுத்தால்தான் தெரியும்.

ஷோரூமை விட்டு வெளியே வரும்போது கிடைத்தது ஒரு தகவல். விற்பனைப் பையன் உண்மையானவன் போல. "இறுக்கமான நார் மெத்தை வீட்டுல இருக்குன்னா அத தூக்கிப் போட வேணாம் அண்ணே. மேல ரெண்டு இஞ்ச் மெத்தையா ஒன்னு போட்டுக்கலாம். கீழ தாங்கும், மேல அமுங்கும்." அவனிடம் இருந்த ரெண்டு அங்குல ஃபோம் ஆறாயிரத்துச் சொச்சம்.

மனைவிக்கு அந்த நிமிஷம்தான் பரண் ஞாபகம் வந்தது.

கல்யாணச் சீரில் வந்த இலவம்பஞ்சு மெத்தை. பதினாலு கிலோ பஞ்சு போட்டுத் தைத்தது, அவருடைய அப்பா கிலோ கணக்குச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டது. அவர்கள் காட்டு வேலியில் இருந்த ரெண்டு இலவ மரத்துக் காயில் பாதி, மீதி வாங்கியது. பத்துப் பன்னிரண்டு வருஷம் படுத்து, நடுவில் கெட்டிப்பட்டுப் போய், பழைய புடவையில் சுற்றிப் பரணில் ஏறியது. அதற்கப்புறம் பருத்திக் கொட்டை மூட்டை, உடைந்த ஸ்டூல், பொங்கல் பானை எல்லாம் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தன.

இலவம்பஞ்சு பருத்தி மாதிரி இல்லை. நூலாக நூற்க வராத பஞ்சு அது, அதனால்தான் காலங்காலமாக மெத்தைக்கும் தலையணைக்கும் போனது. ஒவ்வொரு இழையும் உள்ளே குழலாக இருக்கும், நிறையக் காற்று. மேலே மெழுகு மாதிரி ஒரு பூச்சு, தண்ணீர் ஒட்டாது. ஒரு காலத்தில் கப்பல்காரர்களின் மிதவைச் சட்டைக்குள் இதைத்தான் அடைத்தார்கள். எடை கிடையாது, சூடு பிடிக்காது. குறை என்னவென்றால் வருஷம் போகப் போக அமுங்கிக் கட்டி தட்டும். அவ்வப்போது பிரித்து வெயில் காட்டித் தட்டித் தைக்க வேண்டும். பருத்தி மெத்தையும் அப்படித்தான், அது கனமும் கூட. பெரம்பலூர் மாவட்டத்துக் கரிசலில் மானாவாரிப் பருத்தி வெடித்து வெள்ளை வெளேர் என்று கிடக்கிற தை மாசத்தில், அந்தப் பருத்தியை எடுத்து விற்ற காசில் ஃபோம் மெத்தை வாங்கிப் போகிறவர்களைப் பார்க்கலாம். குற்றம் சொல்ல முடியாது. பஞ்சு மெத்தை வைத்திருப்பது மாடு வைத்திருக்கிற மாதிரி, தினமும் இல்லாவிட்டாலும் வருஷா வருஷம் பார்க்க வேண்டும்.

மெத்தை தைக்கிற பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடிக்க ஒரு வாரம் ஆனது. அவருடைய அப்பா காலத்தில் வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்களாம், டொய்ங் டொய்ங் என்று நாண் சத்தம் கேட்டதும் வீட்டுக்குள்ளிருந்து மெத்தைகள் வெளியே வருமாம். இவர் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, வாசலில் தார்ப்பாய் விரித்து, பழைய மெத்தையைப் பிரித்தார். தெருவெல்லாம் பஞ்சு பறந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் அதைப் பிடிக்க ஓடின, அதன் அம்மாக்கள் தும்மிக்கொண்டே திட்டினார்கள். ரெண்டு நாள் வெயில் காய்ந்த பிறகு கட்டி உதிர்ந்து, பழுத்துப்போன தூசியும் கொட்டையும் போக, ஒன்பது கிலோ தேறியது.

"ரெண்டு இஞ்ச் போதும். அஞ்சு கிலோ" என்றார் மனைவி.

"அஞ்சு கிலோவுல மெத்தையாம்மா? ஊர்ல கேட்டா என் பேரு கெட்டுப்போயிரும்" என்றார் பெரியவர்.

நார் மெத்தையைக் காட்டி விளக்கிய பிறகுதான் ஒப்புக்கொண்டார். கோடு போட்ட மெத்தைத் துணி, நெருக்கமாகத் தையல், பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்காமல் இருக்க நடுநடுவே முடிச்சு. துணியும் கூலியும் சேர்த்து 1,900 ரூபாய். மிச்சப் பஞ்சில் மூன்று தலையணை. ஒன்று தலைக்கு. அதன் உயரத்தை எப்படி முடிவு செய்தார்கள் என்றால், அவரைச் சுவரில் தோள் ஒட்ட நிற்க வைத்து, சுவருக்கும் காதுக்கும் இடையே எத்தனை அங்குலம் என்று அளந்து, அமுங்குவதற்கு ஒரு அங்குலம் கூட்டி! இன்னொன்று ரெண்டு முழங்காலுக்கும் நடுவில் வைக்க. மேல் கால் சரிந்து இடுப்பை முறுக்காமல் அது பார்த்துக்கொள்ளும். இந்த ஒரு சங்கதிக்கு எந்தக் கடைக்கும் போக வேண்டாம், பழைய புடவையை மடித்து வைத்தாலே போதும். முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால்...

மறுபடி போட்டோ எடுத்தார்கள். கோடு நேராக இல்லை, ஆனால் வாய்க்கால் இல்லை. இடைக்குக் கீழே கை நுழையவில்லை, விரல் மட்டும் நுழைந்தது.

வலி போய்விட்டதா என்றால், இல்லை. நாலு மாசம் ஆகிறது. கை மரப்பது நின்றுவிட்டது. காலையில் எழுகிற நாலு கட்டம் ரெண்டு கட்டமாகியிருக்கிறது. குளிர் நாளில் "அம்மாடி" இன்னும் உண்டு. பயிற்சியை ஒரு வாரம் விட்டால் வலி திரும்பி வந்து கணக்குக் கேட்கிறது. மெத்தை பாதி, பயிற்சி பாதி என்று அவர் சொல்கிறார். பயிற்சிதான் முக்கால் என்று அந்த பிசியோதெரபி பெண் சொல்கிறார்.

இன்னொரு பங்கு டிப்பரில் இருக்கிறது. டிரைவர் சீட்டின் ஸ்பிரிங் செத்துப்போய் ரொம்ப நாள். சுரங்கத்து மண் ரோட்டில் ஒவ்வொரு பள்ளமும் நேராக இடுப்பெலும்பில்தான் இறங்குகிறது. முழு உடம்பும் குலுங்குகிற வேலையில் இருப்பவர்களுக்கு முதுகு வலி அதிகம் என்பது பல நாட்டு ஆய்வுகளில் வந்த சமாச்சாரம், டிரைவருக்கு எந்த ஆய்வும் தேவைப்படவில்லை. சீட்டை மாற்றித் தரச் சொல்லி வண்டி முதலாளியிடம் மூன்று தடவை கேட்டாகிவிட்டது. எஃப்.சி-க்கு வண்டி போகும்போது பார்க்கலாம் என்கிறார்.

மூன்றாவது தலையணையை மனைவி பிரித்து, ரெக்ஸின் துணிக்குள் வைத்து, நாலு மூலையிலும் நாடா தைத்துக் கொடுத்துவிட்டார். இப்போது அது டிப்பர் சீட்டில் கட்டியிருக்கிறது. ஷிப்ட் மாறி வருகிற அடுத்த டிரைவர் அதை அவிழ்க்காமல் அப்படியே உட்கார்ந்துகொள்கிறாராம். போன வாரம் அவர், "அண்ணே, அக்காகிட்ட சொல்லி இன்னொன்னு தைக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். பஞ்சு தீர்ந்துவிட்டது. பங்குனியில் காட்டு வேலியில் காய் வெடிக்க வேண்டும்.